முதுமையைத் தாங்கிய கைகள்

இம்மலருக்காக நம் வட்டத்தின் பத்தாண்டு வருகைப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தித் தரும் வேலை எனக்கு வாய்த்தது. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவனிடம் பழைய ஏடுகளைக் கொடுத்தால் அவன் சும்மா இருக்கமாட்டான் என்பது மலர்க்குழுவினருக்குத் தெரியும். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு நூலக மாடியில் கூடிய கூட்டங்கள்; கூட்டத்துக்கு ஒரு பக்கம்; பக்கம் நிறையக் கையொப்பங்கள். புரட்டிக்கொண்டு போகையில் ஒன்று கண்ணில் பட்டது. தவறாமல் வந்துகொண்டிருந்த சில கையொப்பங்கள் ஏதோ ஒரு மாதத்தில் திடீரென நின்றுவிடுகின்றன. ஊர் மாறிப் போனவர்கள், மறைந்தவர்கள், நம்மோடு பிணங்கிப் போனவர்கள் (அப்படியும் சிலர் உண்டு, மறைப்பானேன்) ஆகியோரைக் கழித்துப் பார்த்தேன். நால்வர் எஞ்சினர். நால்வரும் பெண்கள், நால்வரும் கவிதை எழுதுபவர்கள். விசாரித்ததில், நால்வர் வீட்டிலும் அப்போது ஒரு முதியவர் படுக்கையில் இருந்திருக்கிறார்.

இச்செய்தி எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பிற்று. பெற்றோரைப் பேணுதல் தலையாய அறம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் மொழி நம்முடையது. அந்த அறத்தை நாள்தோறும், வேளைதோறும் செய்து முடித்த கைகள் யாருடையவை? அவற்றைப் பற்றி நம் ஏடுகள் என்ன சொல்கின்றன? இக்கட்டுரை அக்கேள்வியைத் தொடர்ந்து சென்ற ஒரு சிறு தேடல்.

முதுமையைப் பாடுவதில் சங்கப் புலவர்கள் நமக்கு நிகரற்ற முன்னோடிகள். புறநானூற்றின் 243ஆம் பாட்டு அதற்குச் சான்று. மருத மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்த இளமையையும், கையில் தடியும் தொண்டையில் இருமலுமாக நிற்கும் இன்றைய நிலையையும் அருகருகே வைத்து ஒரு முதியவர் ஏங்குகிறார். பாடியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊன்றிய தண்டைப் பற்றிய தொடரே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். அந்தத் தடியை எடுத்துக் கொடுத்தது யார் என்று மட்டும் பாட்டில் இல்லை. அதைக் கேட்பது அப்பாட்டுக்கு நாம் செய்யும் அநியாயம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆயினும் வரலாற்றுக்காரனின் தொழில் அப்படிப்பட்ட அநியாயங்களைச் செய்வதுதான்.

அவ்வகையில் பெருஞ்சித்திரனார் நமக்குப் பெரிதும் உதவுகிறார். குமண வள்ளலிடம் பரிசில் வேண்டி அவர் பாடிய 159ஆம் பாட்டில் ஒரு வீடு முழுமையாகக் காட்சியளிக்கிறது. அவ்வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள். ஆண்டுகள் பல போயும் உயிர் போகமாட்டேன் என்கிறதே என்று நொந்துகொள்பவள். கோலே காலாகச் சிறு சிறு அடியெடுத்து வைப்பவள். தலைமயிர் நூலாய் வெளுத்துப்போனவள். பார்வை மங்கி, வீட்டு முற்றத்தைத் தாண்டாதவள். அவளை அடுத்து மனைவி வருகிறாள். இடுப்பைச் சுற்றிக் குழந்தைகள், உடலில் வலுவில்லை, கந்தலே உடை. குப்பை மேட்டுக் கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள், மோரும் இல்லை, சோறு என்பதே மறந்து போயிற்று. இவ்விருவர் நெஞ்சமும் மகிழும்படி கொடு என்று புலவர் கேட்கிறார்.

இப்பாட்டை வறுமைப் பாட்டாகவே நாம் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறோம். நானும் அவ்வாறு சொன்னவனே. இன்று படிக்கையில் அது வேறொன்றாகவும் தெரிகிறது. மேலே ஒரு முதியவள், கீழே பல குழந்தைகள், நடுவில் ஒரு பெண். வீட்டுத் தலைவரோ வள்ளலைத் தேடி வழிநடையில் இருக்கிறார். அவர் போய்த்தான் ஆகவேண்டும், போகாவிட்டால் சோறில்லை. ஆனால் அவர் வழியில் இருக்கும் நாள்களில் முற்றம் தாண்ட முடியாத அந்தக் கிழவிக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தது யார்? பாட்டு அதைச் சொல்லவில்லை. கீரை பறித்தவளே அதையும் செய்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். அவ்வீட்டில் கைக்கு வலுவுள்ள வேறு ஆள் இல்லை. இரு தலைமுறைகளுக்கிடையே நசுங்கும் நடுத்தலைமுறை என்று இன்று சமூகவியலார் புதிய கண்டுபிடிப்புப் போலப் பேசுவது நம் பழைய தொகைநூல் ஒன்றில் உப்பில்லாக் கீரையோடு கிடக்கிறது.

சங்கப் பாட்டில் இன்னொரு முதுமையும் உண்டு. அது நரைக்காத முதுமை. ஆண்டுகள் பல ஆகியும் நரையில்லையே என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன காரணங்களில் முதலிடம் பெறுபவர்கள் மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களுமே (புறம் 191). அவர் மனைவிக்கு நரைத்திருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குறளுக்கு வருவோம். இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதற்குறள், இல்லறத்தான் மூவருக்குத் துணை என்கிறது. மூவர் யார் என்பதைக் குறள் சொல்லவில்லை, உரையாசிரியர்களுக்கு விட்டுவிட்டது. பரிமேலழகர் மாணவன், காட்டில் தவம் செய்வோன், துறவி என ஏனை மூன்று நிலையினரையும் கொண்டார். அவர் கணக்கில் வீட்டுத் திண்ணையில் இருக்கும் கிழவருக்கு இடமில்லை. இருபதாம் நூற்றாண்டில் உரை மாறிற்று. கலைஞர் மு. கருணாநிதியின் உரையில் அம்மூவர் பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் என ஆயினர். எவ்வுரை பொருந்தும் என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. அது நம் வட்டத்தின் புலவர்களுக்குரிய களம். எனக்கு வியப்பளிப்பது அம்மாற்றம் நிகழ்ந்த காலம். முதியோரைப் பேணுதல் தானாக நடக்கும் என்றிருந்த வரையில் அதைக் குறளுக்குள் தேடவேண்டிய தேவை எழவில்லை. தானாக நடக்காதோ என்ற அச்சம் வந்த நூற்றாண்டில் உரையாசிரியர் பெற்றோரைத் தேடிக் கொண்டுவந்து அமர்த்தினார்.

படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைப் பேணிய நாள்களை விரிவாகத் தமிழில் எழுதி வைத்தவர் என்று நான் முதலில் நினைப்பது உ. வே. சாமிநாதையரையே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில் மறைந்தார். அப்போது அவருக்கு அறுபது கடந்திருந்தது. ஐயருக்கு இருபத்தொன்று நிறையவில்லை. ஆசிரியரின் உடல் தளர்ந்த விதம், உணவு செல்லாமற் போனது, கடன் பற்றிய கவலை, இறுதி இரவு ஆகியவை 1933-34இல் இரு பகுதிகளாக வெளிவந்த சரித்திரத்திலும் பிற்காலத்து ‘என் சரித்திர’த்திலும் பதிவாகியுள்ளன. கடைசி நேரத்தில் பிள்ளையைத் தம்மேல் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவ மாணவர். திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதையர். சைவப் பெரும்புலவர் ஒருவரின் இறுதி மூச்சை ஒரு கிறித்தவரின் மார்பும் ஓர் அந்தண இளைஞரின் குரலும் தாங்கின. இதைச் சமய ஒற்றுமைக்குச் சான்றாக மேடைகளில் சொல்வார்கள்; சொல்லட்டும். எனக்கு அது இரண்டு இளைஞர்கள் தூங்காமல் கழித்த இரவுகளின் பதிவு. காலில் வீக்கம் கண்டதையும், சாய்ந்து உட்காரத் துணை வேண்டியிருந்ததையும் எழுதத் தக்க செய்திகள் என்று ஐயர் கருதினார்.

எழுதத் தக்கவை என்று அவர் கருதியதற்கு ஒரு காரணம் உண்டு. அது குருவுக்குச் செய்த பணிவிடை. பணிவிடை, தொண்டு, கைங்கரியம் என்று அதற்குப் பெயர்கள் இருந்தன. அதைச் செய்வது பெருமை. செய்ததைச் சொல்வது அடக்கத்துக்கு முரணன்று. அதே ஊர்த் தெருக்களில், அதே தை மாதத்தில், ஏதோ ஒரு வீட்டில் ஒரு மருமகள் மாமியாரின் தலையைத் தாங்கிக் கஞ்சி புகட்டியிருப்பாள். அவள் செயலுக்குப் பெயர் ‘வீட்டு வேலை’. அவளுக்கு எழுத்தும் தெரிந்திராது. தெரிந்திருந்தாலும் எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்றே அவளும் நினைத்திருப்பாள்.

எழுத்தில் இல்லாதது வாய்மொழியில் இருக்கக்கூடும் என்று நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளை எடுத்துப் பார்த்தேன். நம் பெண்கள் பாடாத வேலை இல்லை. தொட்டிலுக்குத் தாலாட்டு, நடவுக்குப் பாட்டு, நெல் குத்த, மாவிடிக்க, கும்மியடிக்கப் பாட்டு, பிணத்தைச் சுற்றி அமர்ந்தால் ஒப்பாரி. ஒப்பாரியில் மகள் தாயை நினைத்து அழுவாள். தாய் போனபின் பிறந்த வீட்டில் அண்ணியின் முகம் எப்படியிருக்குமோ என்று அஞ்சுவாள். தாலாட்டு முடிந்து ஒப்பாரி தொடங்கும் வரையில் எத்தனையோ பாட்டுகள். ஆனால் படுக்கையில் கிடக்கும் கிழவியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது பாடும் பாட்டு என ஒன்று நான் பார்த்த தொகுப்புகளில் இல்லை. நம் வட்டத்தில் நாட்டுப்புறப் பாடல் சேகரித்தவர்கள் இருக்கிறார்கள். என்னைத் திருத்தினால் மகிழ்வேன்.

பாட்டு பிறக்காததற்கு ஒரு காரணத்தை மக்கள்தொகைக் கணக்கிலும் தேடலாம். 1951 கணக்கெடுப்பை ஒட்டிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி வாழ்நாள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டுகள். இதைக் கொண்டு அக்காலத்தில் முதியவர்களே இல்லை என்று கருதுவது பிழை. குழந்தைச் சாவு மிகுதியால் சராசரி குறைந்திருந்தது. ஐம்பதைக் கடந்தவர்கள் எழுபதையும் கண்டார்கள். ஆனால் முதுமையில் விழுந்தவர்கள் நெடுநாள் கிடக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தாலோ, நெஞ்சில் சளி கட்டினாலோ, சிறுநீர் அடைத்தாலோ சில வாரங்களில் முடிந்துவிடும். பத்தாண்டுப் படுக்கை என்பது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அறுவை மருத்துவமும் பரவிய பின் வந்த நிலை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் பத்தில் ஒருவருக்கும் மேல். குழந்தைப் பேற்றிலோ, ஒரு பெண்ணுக்கு இரண்டு என்ற நிலையை மாநிலம் 1990களின் தொடக்கத்திலேயே எட்டிவிட்டது. ஐந்து பிள்ளைகள் முறைவைத்துத் தாங்கிய சில மாதங்களை இப்போது ஒருவரோ இருவரோ பல ஆண்டுகள் தாங்கவேண்டியிருக்கிறது. கூட்டுக்குடும்பம் சிதைந்ததால் வந்த கேடு என்று இதைச் சுருக்கிவிடுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கூட்டுக்குடும்பம் இத்தகைய பாரத்தை அக்காலத்தில் இவ்வளவு பரவலாகச் சுமந்து பார்த்ததில்லை.

பிள்ளைகள் பிரிந்து போனதும் நேற்று நடந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்கள் ஊரில் பெற்றோரை விட்டுத்தான் போனார்கள். 1880இல் இந்திய அஞ்சல்துறை மணியார்டரைத் தொடங்கியது. அதன் பின் மகனின் கடமைக்கு ஓர் உருவம் கிடைத்தது: மாதம் ஒருமுறை வாசலில் வந்து நிற்கும் தபால்காரர், எண்ணிக் கொடுக்கும் ரூபாய், கட்டை விரல் ரேகை. பணம் வந்தால் மகன் பார்த்துக்கொள்கிறான் என்று ஊர் சொன்னது. வராவிட்டால் கைவிட்டான் என்றது. ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்ற நல்ல தமிழ்ச்சொல் அன்றிலிருந்து இரண்டாகப் பிரிந்தது. ஒருவன் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டான். ஒருத்தி அருகிருந்து பார்த்துக்கொண்டாள். முன்னதற்கு ரசீது இருந்தது.

சட்டம் வந்தபோது அது ரசீதுள்ளதையே பிடித்துக்கொண்டது. 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத முதிய பெற்றோரைக் காப்பது மக்களின் கடமை என்றது. மகனோடு மகளையும் அதில் சேர்த்தது. காப்பதாவது உணவு, உடை, உறையுள், மருத்துவம் என வரையறுத்தது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தன் 125ஆம் பிரிவில், எம்மதத்தவராயினும் பெற்றோர் ஜீவனாம்சம் கோரலாம் என்றது. மாதம் 500 ரூபாய்க்கு மேற்படாது என்ற உச்சவரம்பு அதில் 2001 வரை நீடித்தது. 1987இல், மருத்துவரான மகள் ஒருவருக்கு எதிராகத் தந்தை தொடுத்த வழக்கில், மணமான மகளுக்கும் அக்கடமை உண்டு என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் வந்தது. கடமை முந்திக்கொண்டது, உரிமை பிந்தி வந்தது.

இவ்வரிசையில் பெரியது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். வழக்கறிஞர் இல்லாமலே முதியவர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். முதியவரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வேண்டிய சட்டம், அதனால் சோறு பெற்றவர்கள் உண்டு. ஆனால் அதன் வரையறைப் பிரிவைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ‘பிள்ளைகள்’ என்பதற்கு மகன், மகள், பேரன், பேத்தி என்று பொருள் சொல்லும் அச்சட்டத்தில் மருமகள் இல்லை. சொத்துக்குரியவர்களைக் கடமைக்குரியவர்களாகக் கொண்டது சட்டநோக்கில் நியாயமே. ஆயினும் தமிழ்நாட்டு வீடுகளில் முதியவரின் துணியை மாற்றுபவர் யாரோ அவரைச் சட்டம் கடமையாளராகவும் காணவில்லை, உரிமையாளராகவும் காணவில்லை. 2019இல் மக்களவையில் வைக்கப்பட்ட ஒரு திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் பிள்ளைகள் பட்டியலில் சேர்க்க முனைந்தது. நிறைவேறாமல் 2024இல் அவையோடு காலாவதியாயிற்று. நிறைவேறியிருந்தாலும் அவள் பெயர் எதிர்மனுதாரர் என்ற இடத்தில்தான் ஏறியிருக்கும்.

அச்சட்டத்தின் 23ஆம் பிரிவை மட்டும் தனியே சொல்லவேண்டும். அடிப்படை வசதிகளையும் உடல்தேவைகளையும் கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு முதியவர் சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் கவனிக்கத் தவறினால், அந்தத் தான செட்டில்மெண்டைச் செல்லாததாக்கலாம் என்பது அப்பிரிவு. ‘உடல்தேவை’ என்று உணவு, உடை, உறையுள், மருத்துவத்துக்கு அப்பால் ஒரு சொல் அங்கே எட்டிப்பார்க்கிறது. அதற்கும் சொத்துப் பத்திரத்தின் ஓரத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

மருத்துவத்தின் பக்கமும் சிறிது திரும்புவோம். 1978 ஒரு திருப்பமான ஆண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ. செ. நடராசன் முதியோருக்கென்று புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது அவ்வாண்டில். ஹெல்ப்பேஜ் இந்தியா அமைப்புத் தோன்றியதும், சாவித்திரி வைத்தி சென்னையில் ஆதரவற்ற முதிய பெண்களுக்காக விசிராந்தி இல்லத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முதுமை தனியே கவனிக்கவேண்டிய பருவம் என்பது நகரத்துக்கு அப்போது தெரிந்துவிட்டது. முதுமை மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு 1996இல் சென்னையில் தொடங்கியது. மறதி நோயைப் பற்றித் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு 1997இல் வெளியாயிற்று. பின்னர்ப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும், அந்நோயாளிகளைப் பார்த்துக்கொள்வோரில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்களே என்று உறுதிப்படுத்தின. ஆய்வு செய்யாமலே நமக்குத் தெரிந்த செய்திதான். ஆனாலும் எண்ணாக வந்தால்தான் அரசுக் கோப்பு அசையும்.

மறதி நோய் என்ற சொல்லும் எனக்கு முழு நிறைவளிப்பதில்லை. யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பர். கன்னடத்தில் அறுபதைத் தாண்டியவர்களை ‘அருளு மருளு’ என்று கேலி செய்வார்கள். அச்சொல்லை அரும்பு மலர்வதாகத் திருப்பிக் கவிஞர் பேந்திரே தம் தொகுப்புக்குப் பெயராக்கி 1958இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மறப்பது நோயின் ஒரு பகுதியே. ஒரு மனிதர் தம் இடத்தைவிட்டுப் பெயர்ந்துபோவதை ‘அறளை பெயர்தல்’ தெளிவாகச் சொல்கிறது. பெயர்ந்துபோனவரோடு ஒரே அறையில் வாழ்பவருக்கு மட்டும் எம்மொழியிலும் சொல் இல்லை.

கசப்பான ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். தென் மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் படுத்த முதியவர்களைக் குடும்பமே சாவுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு என்பது 2010இல் விருதுநகர் மாவட்டச் செய்தியொன்றின் வழியே நாளேடுகளில் வந்தது. தமக்கு அது நடக்கவிருப்பதை அறிந்த ஒரு முதியவர் வீட்டைவிட்டு ஓடினார். பின்னர் இப்பொருளில் வந்த ‘பாரம்’ என்ற திரைப்படம் 2018ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றது. கொலை கொலையே, மரபு என்ற போர்வை அதற்குத் தகாது. சொத்தும் பங்கும் கலந்த வீடுகளில் கருணை என்ற சொல்லை நம்புவதற்கில்லை. ஆனால் அச்செய்தி வந்த நாள்களில் நகரத்துப் படித்தவர்கள் காட்டிய அதிர்ச்சியில் ஒரு குறை எனக்குத் தென்பட்டது. அந்த வீட்டில் கூலிக்குப் போகும் இருவரில் ஒருவர் வீட்டிலிருந்தால் அடுப்பெரியாது. இருவரும் போனால் படுக்கையில் இருப்பவருக்கு வாய் நனைக்க ஆளில்லை. இதற்கு அவ்வூரில் என்ன ஏற்பாடு இருந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். பெருஞ்சித்திரனாருக்குக் குமணன் ஒருவன் இருந்தான்.

இனி, பதிவேட்டில் கையொப்பம் நின்றுபோன நால்வரில் ஒருவரைப் பற்றி. ஐந்தாண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தவர் அவர் ஒருவரே. பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ‘அந்த நாள்களில் ஏதேனும் எழுதினீர்களா?’ என்று கேட்டேன். கவிதையைத்தான் கருதிக் கேட்டேன். ‘எழுதினேன்’ என்று சொல்லி, அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கோடு போட்ட நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மருத்துவரிடம் காட்டுவதற்காக எழுதியவை. தேதி, நேரம், மாத்திரை, உண்டது, கழித்தது, தூங்கியது. நாற்பதாண்டுக் காலம் நான் மாணவர்களுக்கு மூலச் சான்று என்றால் என்ன என்று விளக்கியவன். இவ்வளவு தூய மூலச் சான்று ஒன்றை இதற்கு முன் என் கையில் எவரும் கொடுத்ததில்லை.

அவர் இசைவோடு சில வரிகள்: ‘இரவு 2.10. அத்தை எழுந்து உட்கார்ந்தார். ஊருக்குப் போகவேண்டும், பெட்டியை எடு என்றார். எடுத்து வைத்தேன். 2.45 படுத்தார்.’ ‘காலை 6. துணி மாற்றினேன். இடுப்பில் சிவந்திருக்கிறது. இனி இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பவேண்டும்.’ ‘சின்னவர் போனில் பேசினார். பணம் அனுப்பியிருக்கிறாராம்.’ ‘இன்று கோபப்பட்டுவிட்டேன். கையைத் தட்டிவிட்டேன். இதை டாக்டரிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தை மடிக்கவேண்டும்.’ அந்தப் பக்கம் மடிந்தே இருந்தது. பிறகு அவரே அதை விரித்துவிட்டு, இதையும் போடலாம் என்றார்.

நோட்டுப் புத்தகத்தையும் நம் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, இரண்டாம் ஞாயிறுகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு ஞாயிறு. நம் பதிவேட்டில் இருபத்தேழு கையொப்பங்கள். பொருள், ‘புதுக்கவிதையில் தாய்மை’. நோட்டில் அதே மாலை:

‘5.00. கஞ்சி அரை டம்ளர். யாரம்மா நீ என்று கேட்டார். சொன்னேன். 5.20. மறுபடியும் கேட்டார். சொன்னேன். 5.40. நீ சாப்பிட்டாயா என்று கேட்டார்.’